அடுப்படிக்கு வந்த சந்தை

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையின் சேலையை விற்க இப்போது இளம்பிள்ளையில் கடை வைத்திருக்க வேண்டியதில்லை. அங்குள்ள மொத்த வியாபாரி புதிய ரகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். திண்டிவனத்திலோ தேனியிலோ இருக்கும் ஒரு தாய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு அந்தப் படங்களைத் தன் ஸ்டேட்டஸில் ஏற்றுகிறார். விலையில் அவருடைய பங்காக ஐம்பதோ நூறோ கூடியிருக்கும். “சிங்கிள்ஸ் இருக்கு”, “ரீசெல்லர்ஸ் வெல்கம்”, “ஷிப்பிங் தனி”, “அன்பாக்சிங் வீடியோ இல்லேன்னா ரிட்டர்ன் கிடையாது” என்று நாலு வரி. மதியத்துக்குள் யாரோ ஒருவர், “அக்கா, இந்த மெரூன் இருக்கா?” என்று கேட்கிறார். பணம் ஜிபேயில் வருகிறது, முகவரி இளம்பிள்ளைக்குப் போகிறது, சேலை கூரியரில் நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போகிறது. விற்றவர் அந்தச் சேலையைக் கையால் தொட்டிருக்கவே மாட்டார்.

சேலை மட்டுமில்லை. சத்துமாவு, நலங்குமாவு, இட்லிப்பொடி, ஊறுகாய், ஆரி வேலை செய்த பிளவுஸ், பிறந்தநாள் கேக், ஆன்லைன் டியூஷன் என்று எந்த ஊரின் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு தொழில் நடக்கிறது. பலவற்றை நடத்துபவர்கள் சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள். “வீட்டைப் பார்த்துக்கிட்டே சம்பாதிக்கலாம்” என்பதுதான் இந்தத் தொழில்களுக்கு அவர்களை அழைக்கும் வாசகம். இந்த வாக்கு எந்த அளவுக்கு உண்மை?

தொழில் தொடங்க ஒரு தாய்க்குத் தடையாக இருப்பவை வேறு; தொடங்கிய தொழிலை நாள்தோறும் நடத்தத் தடையாக இருப்பவை வேறு. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் ஒரு பக்கம் வெறும் புகழ்ச்சியும் மறுபக்கம் வெறும் புலம்பலுமாக இந்தப் பேச்சு நடக்கிறது. முதல் வகைத் தடைகளைப் போன் பெருமளவு தகர்த்திருக்கிறது. இரண்டாம் வகையில் அது செய்தது கொஞ்சம்தான்; சில இடங்களில் சுமையைக் கூட்டியும் இருக்கிறது.

வீட்டிலிருந்தபடி சம்பாதிக்கும் வழக்கம் போனோடு வந்ததல்ல. 1959-இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் வளர்ந்தது. 1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் மன்றம், வங்கி எட்டிப்பார்க்காத சிறு வியாபாரப் பெண்களுக்குக் கடன் கிடைக்க வழி செய்தது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள், பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவின. இவை எல்லாவற்றிலும் பெண்கள் ஓரிடத்தில் கூடினார்கள். கூட்டம் இருந்தது, பதிவேடு இருந்தது, ஒருத்தி தவணை கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள், கைகொடுக்கவும் செய்தார்கள். போன் வழி வந்த வியாபாரத்தில் அந்தத் திண்ணை கிடையாது. ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பக்கத்துத் தெருவில் அதே சேலையை விற்பவளோடு போட்டி போடுகிறாள். ஸ்டேட்டஸில் இருவரும் போடுவது ஒரே படம்தான்.

தாயின் நேரத்தை உண்மையாகவே மிச்சப்படுத்திய ஒரு கருவி நம்மிடம் உண்டு. அதற்கு இணைய வசதி தேவையில்லை. கோவையில் 1955-இல் ப. சபாபதி செய்த கல் கிரைண்டர், ஆட்டுரலோடு போன மணிநேரங்களை மீட்டுக் கொடுத்தது. 2011-இல் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது அது குடிசைக்குள்ளும் போனது. “இங்கு இட்லி மாவு கிடைக்கும்” என்று வாசலில் அட்டை தொங்கவிட்ட பெண்கள் பலரும் அந்தக் கருவியைத் தொழில் முதலீடாக மாற்றியவர்கள். ஆனாலும் வீட்டுக் கருவிகளின் வரலாறு எச்சரிக்கையும் செய்கிறது. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூலில், சலவை இயந்திரமும் மின் அடுப்பும் வந்த பிறகும் தாயின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று காட்டினார். முன்பு ஆணும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் செய்துவந்த பங்கை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. மிச்சமெல்லாம் தாயின் மேல் விழுந்தது. துணி சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே உயர்ந்தது. இதை நம் ஊருக்குப் பொருத்த அதிகம் யோசிக்க வேண்டாம். மிக்சி வந்த பின் வேளைக்கு ஒரு சட்னி போய் மூன்று சட்னி ஆன வீடுகளை எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் போன் எதை மாற்றியது? முதலில், முதலீட்டை. கடை முன்பணம், வாடகை, அலமாரி நிறையச் சரக்கு எதுவும் இல்லாமல் ஒரு பெண் வியாபாரியாகிவிட முடிகிறது. 2015-இல் தொடங்கிய மீஷோ, ஆரம்பத்தில் இந்த ரீசெல்லர் முறையைத்தான் ஒரு செயலியாக அமைத்துக் கொடுத்தது. இரண்டாவது, வெளியே போவதற்கான அனுமதி. இதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மாமியாரிடமும் கணவரிடமும் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க வேண்டும் என்ற வீடுகளில், படியிறங்காமலே செய்யும் தொழிலுக்கு எதிர்ப்பு குறைவு. இது முன்னேற்றமா, பழைய பூட்டுக்குப் புதிய சாவியா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். மூன்றாவது, பணம் யார் கைக்கு வருகிறது என்பது. 2016-இல் யுபிஐ வந்த பிறகு, விற்ற காசு வாங்கியவரிடமிருந்து நேரே பெண்ணின் கணக்கில் விழ வழி பிறந்தது. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்கள் தமிழ்நாட்டில் 92 சதவீதம்.

இதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. கணக்கு பெண்ணுடையதாக இருந்தாலும், அதோடு இணைந்த எண் யாருடையது, அந்தப் போன் யார் கையில் இருக்கிறது, க்யூஆர் அட்டையில் இருப்பது யார் பெயர் என்பதைப் பொறுத்துத்தான் காசு உண்மையில் யாருடையது என்று தெரியும். அதே ஆய்வில், தனக்கென்று செல்போன் வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் 74.6 சதவீதம். எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 46.9 சதவீதம், ஆண்களில் 70.2. அதற்குப் பிறகான ஆண்டுகளில் இந்த இடைவெளி சுருங்கியிருக்கலாம். ஆனால் கோவிட் காலத்தில் வீட்டுக்கு ஒரு போன் என்றிருந்தபோது, ஆன்லைன் வகுப்புக்குப் பிள்ளை அதை எடுத்துக்கொண்டால் தாயின் கடை மூடியே கிடந்தது.

இனி நேரத்துக்கு வருவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இலும் 2024-இலும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிட்ட நேரம் 2019-இல் 299 நிமிடம். 2024-இல் 289 நிமிடம். ஸ்மார்ட்போனும் மலிவு டேட்டாவும் நாட்டையே மாற்றிவிட்டதாகச் சொல்லும் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது பத்தே நிமிடம். ஆண்களின் கணக்கு 97-லிருந்து 88 நிமிடமாகியிருக்கிறது. ஆண்களும் கூடுதலாகச் செய்யவில்லை என்பதுதான் இதன் பொருள். பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-இல் 41.7 ஆனதைக் காட்டி, டிஜிட்டல் புரட்சியின் பலன் என்று சிலர் எழுதுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த உயர்வின் பெரும்பகுதி கிராமப்புறத்தில், விவசாயத்தில் நடந்தது. வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் என்று பதிவானவர்களின் பங்கு அதே காலத்தில் 51.9-லிருந்து 67.4 சதவீதமாகியது உண்மைதான். ஆனால் அதில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்கள். அமைப்புசாராத் துறை நிறுவனங்கள் பற்றிய 2023-24 ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருங்கியது. தனிநபர் நடத்தும் நிறுவனங்களில் பெண்கள் நடத்துபவை 26.2 சதவீதம், இணையத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் நிறுவனங்கள் 26.7 சதவீதம். நாலில் ஒன்று. எல்லோரும் ஆன்லைனுக்குப் போய்விட்டார்கள் என்ற எண்ணம் நம் ஸ்டேட்டஸ் பட்டியலைப் பார்த்து எழுவது.

கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் சுவையான ஒன்று தெரிகிறது: நேரத்தை மிச்சப்படுத்தும் வசதிகள் குறைவாகவும், நேரத்தைத் தின்னும் வசதிகள் அதிகமாகவும் புழங்குகின்றன. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலை விலையோடு ஏற்றி வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்து ஒரு தட்டலில் அனுப்பலாம். “காலை 10 முதல் மாலை 6 வரை மட்டும்” என்று தானாகப் பதில் போகச் செய்யலாம். பணம் வந்தது, பார்சல் போனது என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறக்குறி போடலாம். நான் பார்த்த வரையில் வீட்டுத் தொழில் செய்பவர்களில் பலர் இவற்றைத் தொடுவதே இல்லை. சாதாரண வாட்ஸ்அப்பிலேயே குடும்பத்தையும் வியாபாரத்தையும் ஓட்டுகிறார்கள். காரணம் அறியாமை மட்டுமல்ல. தானாகப் போகும் பதிலை வாடிக்கையாளர் விரும்புவதில்லை என்ற பயம் இருக்கிறது. “அக்கா” என்று கூப்பிடுகிறவருக்கு அக்காவே பதில் சொல்ல வேண்டும். இந்த வியாபாரம் நம்பிக்கையில் நடப்பது, முகம் தெரியாத இடத்தில் நம்பிக்கை பேச்சில்தான் வளர்கிறது என்பதால், அந்தப் பயத்தைத் தவறென்று ஒதுக்கவும் முடியாது.

இரவு பத்தரைக்கு “பிரைஸ்?” என்று ஒரு கேள்வி வருவது இதனால்தான். பட்டியலில் விலை இருக்கும், இருந்தும் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஸ்டேட்டஸுக்குப் போய்விடுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் செய்தி அனுப்பினால் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும்; ஆகவே “நம்பரை சேவ் பண்ணிக்கோங்க சிஸ்” என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டும். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடாத வாரத்தில் ஆர்டர் குறைகிறது என்பது பலரின் அனுபவம். ஒரு நிமிட ரீலுக்குச் சேலையை மடித்து, விளக்கு பிடித்து, பின்னணிப் பாட்டு தேடி, மூன்றாவது தடவை பிள்ளை குறுக்கே ஓடி, மறுபடி எடுத்து என்று ஒரு மதியமே போகும். கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் அன்றைய வியாபாரம் முடிந்தது. போனில் கடை வைத்திருப்பவளுக்கு ஷட்டர் கிடையாது.

உண்மையில் கைகொடுக்கும் கருவிகள் பெரும்பாலும் விளம்பரம் இல்லாதவை. 2017-இல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது, எழுதத் தயங்கும் பெண்களுக்கு உதவியாக வந்தது. வாய்ஸ் நோட் அதைவிடவும் உதவி. மாவு கரைத்தபடியே, தொட்டில் ஆட்டியபடியே பதில் சொல்லிவிடலாம். அளவு பிளவுஸ் கொடுத்தனுப்ப ஆள் தேடிய தையற்காரர், இப்போது டேப் வைத்து எடுத்த படத்தை வாங்கிக்கொள்கிறார். கேக் செய்பவர் கூகுள் படிவத்தில் எடை, சுவை, முட்டை வேண்டுமா வேண்டாமா, எந்த நேரத்துக்கு என்று கேட்டு வாங்கிவிட்டால் பத்துத் தடவை பேச வேண்டியதில்லை. டிராக்கிங் எண்ணை அனுப்பிவிட்டால் “எங்க வருது?” என்ற கேள்வி பாதியாகக் குறையும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் ஸ்டேட்டஸ் வாசகம் எழுதிக்கொள்ளும் வழக்கம் புதிதாக வந்திருக்கிறது. அது எழுதும் தமிழைப் படித்தால் வாங்க வந்தவரும் போய்விடுவாரோ என்று சில நேரம் தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

பள்ளிக்கூடமும் இதே போனுக்குள்தான் இருக்கிறது. வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் வருகிறது. “நாளைக்கு பச்சை கலர் டிரஸ்” என்று இரவு ஒன்பது மணிக்கு வருகிறது. தடுப்பூசி நாள், வேன் தாமதம், கட்டண நினைவூட்டல் எல்லாம் வருகின்றன. இந்தக் குழுக்களில் பெரும்பாலும் தாயின் எண்ணே இருக்கும். முன்பு டைரியில் எழுதியனுப்பியபோது மாலை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். இப்போது நாள் முழுக்கத் தகவல் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அவற்றுக்கு நடுவில் ஆர்டரும் வருகிறது. தொழில் கருவியும் குடும்பக் கருவியும் ஒன்றாகிவிட்டதை வசதி என்று சொல்வார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் போனதும் அதனால்தான். இரண்டாவது சிம் ஒன்றை வாங்கி வியாபாரத்துக்கென்று தனி எண் வைத்துக்கொள்வது, நூறு ரூபாய்ச் சங்கதி, இந்தக் கட்டுரையில் வரும் பல செயலிகளைவிடப் பயனுள்ளது.

நேரத்தைத் தருபவை வேறு இடத்தில் இருக்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. பிள்ளைக்கு இட்லி ஊட்டிவிட்டு ஓடும் அந்தக் காலை நேரம், தாயின் நாளில் மிக நெருக்கடியானது. அதை ஒரு பள்ளி ஏற்றுக்கொள்வது எந்தச் செயலியாலும் முடியாத உதவி. 1982-இல் விரிந்த சத்துணவும் 2021-இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் இதே வரிசையில் சேரும். கூரியர் அலுவலகத்துக்கும் மூலப்பொருள் வாங்கவும் பேருந்துக் காசு இல்லாமல் போய்வர முடிவது, நூறு ரூபாய் லாபத்தில் நடக்கும் தொழிலில் சின்னக் கணக்கல்ல. இந்தத் திட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் பசி, படிப்பு, பயணம் என்று எழுதுகிறார்கள். தாயின் தொழிலுக்குக் கிடைத்த மணிநேரமாக இவற்றை யாராவது கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இதே வரிசையில் பெரிய ஓட்டையும் இருக்கிறது. 2017-இல் திருத்திய மகப்பேறு சலுகைச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. அது வேலையில் இருப்பவருக்கு. சொந்தத் தொழில் செய்பவளுக்கு விடுப்புக் கொடுக்க முதலாளி இல்லை. தகுதியுள்ள ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உண்டு. மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு, ஒரு பகுதி பொருளாக, பல தவணைகளில். தொழிலைப் பொறுத்தவரை, பிரசவத்துக்குப் பின் இரண்டு மாதம் ஸ்டேட்டஸ் போடாமல் இருந்தால் வாடிக்கையாளர் கலைந்துவிடுகிறார்கள் என்று பயந்து, பிள்ளை பெற்ற நாலாம் நாளே போனைக் கையில் எடுப்பவர்கள் உண்டு.

சட்டமும் வரியும் தனி அத்தியாயம். வீட்டிலிருந்து உணவு விற்கவும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். 2011 விதிகள் சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு முறையை வகுத்தன. அதை இணையத்திலேயே செய்ய முடிவது உண்மையான உதவி. 2020-இல் வந்த உத்யம் பதிவும் அப்படித்தான். கட்டணம் கிடையாது. சோப்பு, கிரீம் என்று அழகுப் பொருள் தயாரிப்பவர்களுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வீட்டுச் சமையலறையைக் காட்டி அதை வாங்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். ஓசூரில் இருந்து ஊறுகாய் விற்கும் பெண்ணுக்கு முன்னூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சென்னை உள்ளூர். கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும் பெங்களூரு வெளிமாநிலம். ஆன்லைன் சந்தைகள் வழியாக விற்றால் கட்டாயப் பதிவு என்ற விதியும் இருந்தது. 2023 அக்டோபரில்தான் மாநிலத்துக்குள் விற்கும் சிறு விற்பனையாளருக்கு அதைத் தளர்த்தினார்கள். இணையம் நாட்டையே ஒரே சந்தையாக்கிவிட்டது என்கிறோம். வரிச் சட்டம் அந்தச் சிறு விற்பனையாளரை மாநில எல்லையிலேயே நிறுத்தி வைக்கிறது. 2025-இல் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸ் போன செய்தி வந்தபோது, அங்கே கடைகளில் “யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்” என்று அட்டை தொங்கியது. பெண்ணின் கணக்கில் காசு விழுவதுதான் இந்தக் கருவிகளின் பெரிய ஆதாயம் என்று மேலே சொன்னேன். அந்தப் பயம் பரவினால் முதலில் போவது அந்த ஆதாயம்தான்.

ஏமாற்றுகள் பற்றி நீட்ட வேண்டாம். போலிப் பணப் பரிமாற்றப் படத்தைக் காட்டிப் பொருளை வாங்கிப் போவது, “தவறி அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க” என்பது, கூரியர் பெயரில் லிங்க் அனுப்புவது எல்லாம் நாளும் நடக்கின்றன. 1930 என்ற உதவி எண் இருக்கிறது. அதைவிட, கணக்கில் காசு விழுந்த செய்தியை வங்கிச் செயலியில் பார்த்த பிறகே பார்சல் கட்டுவது என்ற ஒரு பழக்கம் போதும்.

ஏமாற்றைவிட அதிகம் பேர் தொழிலை விட்டுப்போகக் காரணம் தொல்லை. வியாபாரத்துக்காகப் பொதுவில் வைத்த எண்ணுக்கு இரவில் வரும் வீடியோ கால், ரீலுக்குக் கீழே எழுதப்படும் ஆபாசம், “முகத்தைக் காட்டி வித்தா நல்லா போகும்” என்று அறிவுரை சொல்பவர்கள். உடனே வீட்டில் உத்தரவு வருகிறது: “இதெல்லாம் நமக்கு வேண்டாம், நிறுத்து.” குற்றம் செய்தவன் எங்கோ இருக்க, கடை மூடுவது இவள். எந்தத் தளமும் தன் விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை.

கடையின் இடம் சொந்தமில்லை என்பதும் மெல்லத்தான் புரிகிறது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடையானபோது அதில் ஆதரவாளர்களைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் சைபரில் நின்றார்கள். 2021 அக்டோபர் 4-இல் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் நின்றன. நம் ஊரில் அது இரவு நேரம், ஆர்டர் குவியும் நேரம். மீஷோவும் பின்னாளில் வாங்குபவருக்கு நேரடியாக விற்கும் சந்தையாக மாறியது. நடுவில் நின்று விற்ற ரீசெல்லரின் தேவை குறைந்தது. வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் இருக்கும் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் முழு நஷ்டம் ஆகாது. கணக்கு நோட்டு எழுதும் பழக்கமுள்ள சுயஉதவிக் குழுப் பெண்கள் இந்த விஷயத்தில் கல்லூரி முடித்த இன்ஸ்டாகிராம் வியாபாரிகளைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். அக்குழுக்களின் பொருள்களை “மதி” என்ற பெயரில் அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இணையத்திலும் விற்கிறது. பழைய கூட்டு முறையும் புதிய சந்தையும் சேரும் இடம் அது. இன்னும் சின்ன இடம்தான்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் ஆந்திரத்தின் நர்சாபூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்கு நாள் முழுக்கப் பின்னிய அந்தப் பெண்களை ஊரும் வியாபாரியும் அவர்களே தங்களையும் “வீட்டில் சும்மா இருப்பவர்கள்” என்றே எண்ணியதுதான், அவர்களுக்குக் குறைந்த கூலி கொடுக்க வழிவிட்டது என்பது அவர் கண்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் “வீட்ல தான் இருக்கேன், சும்மா கொஞ்சம் பிசினஸ் பண்றேன்” என்று சொல்லும் குரலைக் கேட்கும்போது அந்த நூல் நினைவுக்கு வருகிறது. தன் உழைப்பை விலையில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். மிளகாய், எண்ணெய், டப்பா, கூரியர் என்று எழுதுவார்கள். தான் நின்ற மூன்று மணி நேரம் எழுதப்படாது. 2023-இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், நேரங்காலம் பார்க்காமல் கிடைப்பவருக்கே அதிகம் கொடுக்கும் வேலைகள்தான் தாய்மாரைப் பின்னுக்குத் தள்ளுகின்றன என்று காட்டியவர். அவர் பேசியது பெரிய நிறுவனங்களின் உத்தியோகங்களைப் பற்றி. ஸ்டேட்டஸ் வியாபாரமும் அதே சுபாவம் கொண்டது. யார் எந்நேரமும் கிடைக்கிறாளோ அவளுக்கே ஆர்டர். நெகிழ்வான நேரம் என்று சொல்லி அழைத்துவந்து, எல்லா நேரத்தையும் கேட்கிறது.

ஆகவே பலர் வேண்டுமென்றே சிறியதாக நின்றுகொள்கிறார்கள். வாரத்துக்கு எட்டு கேக், மாதத்துக்கு முப்பது பிளவுஸ், அதற்கு மேல் வேண்டாம். வங்கியும் பயிற்சி மையமும் இதை ஆசையின்மை என்று எழுதிக்கொள்கின்றன. இருக்கும் நேரத்தை அளந்து போட்ட வரம்பு அது. அவர்கள் செய்த வணிக முடிவுகளிலேயே அறிவானது என்றுகூடச் சொல்வேன்.

அந்த வரம்பைத் தாண்டுபவர்கள் முதலில் வாங்குவது செயலி அல்ல, உதவி. பொடி இடிக்கவும் பொட்டலம் கட்டவும் அதே தெருவில் இருந்து ஒரு பெண்ணை வைத்துக்கொள்கிறார்கள். அவளும் பெரும்பாலும் ஒரு தாய், நாள்கூலிக்கு வருபவள், அவளுக்கென்று ஸ்டேட்டஸோ க்யூஆர் அட்டையோ இல்லை. முதலாளியம்மாவின் நேரம் இவளால் மிச்சமாகிறது; இவளுடைய மூன்று வயதுப் பிள்ளை அங்கன்வாடி விட்டதும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2017 சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இரண்டு பேர் பொட்டலம் கட்டும் வீட்டுக்கு அது பொருந்தாது. அப்படிப்பட்ட பத்து வீடுகள் ஒரே தெருவில் இருந்தாலும், அங்கன்வாடியை மாலை ஆறு மணி வரை திறந்து வைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.